ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஏன் காசநோய்?

"அது அவங்க வம்சத்துலயே இருக்கு." காசநோய் கண்ட வீட்டைப் பற்றி இப்படிப் பேசுவது பழைய வழக்கம். கலசப்பாக்கம் அடிவாரத்திலிருந்து இந்தப் பேச்சு ஜவ்வாது மலைக்கு ஏறினால், முத்திரை ஒரு வீட்டின் மேல் விழாது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் எல்லோர் மேலும் விழும்.

அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கிருமி உடலில் புகுந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது; யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. 1929-30இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், காசநோய்க் கிருமி தவறுதலாகக் கலந்துவிட்ட பிசிஜி தடுப்பு மருந்து 251 குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது. 72 குழந்தைகள் இறந்தன; மற்றவை பிழைத்தன. எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு கிருமி போகவில்லை என்பதால், பிழைத்ததெல்லாம் மரபணுவின் புண்ணியம் என்று சொல்லிவிட முடியாது.

மரபணுவின் பங்கை நம் பக்கத்திலும் தேடினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் பிச்சப்பனின் குழுவினர், எச்எல்ஏ-டிஆர்2 என்ற மரபணு வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் தொடர்பிருப்பதாக 1991இல் எழுதினார்கள். கிருமியை அணுக்கள் விழுங்கி நொறுக்கியதும், அதன் துணுக்கை ஏந்தி மற்ற எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுபவை எச்எல்ஏ புரதங்கள். எந்தத் துணுக்கை ஏந்துவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அந்த வகை இருந்தும் நோயே வராதவர்கள் ஏராளம். இது சாய்வுதான், தலையெழுத்து அல்ல. ஒரு சாதிக்கோ பழங்குடிக்கோ 'காசநோய் மரபணு' என்று ஒன்று கிடையாது.

மலையில் நோய் மிகுந்தால் முதலில் பார்க்க வேண்டியது சோற்றுத் தட்டை, அடுப்புப் புகையை, ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரத்தை. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில் நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். 10,000 பேருக்கு மேற்பட்டோரைக் கண்காணித்ததில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023இல் வந்த முடிவு இது. மரபணுவை மாற்ற முடியாது, தட்டை நிரப்ப முடியும்.

மரபணுவில் என்ன எழுதியிருந்தாலும் மருந்து ஒன்றே. முழுதாகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் வம்சத்தை ஆராய வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளியைக் கொடுங்கள். சோதனையும் மாத்திரையும் இலவசம்.