தவறிய கணிப்பு – 7: வீட்டுக்கு அனுப்பப்பட்ட 19 பேர்

அவசர சிகிச்சைப் பிரிவில் மாரடைப்பைக் கண்டுபிடிக்காமல் விட்டால், அந்தத் தவறு அங்கே பதிவாவதில்லை. ‘வாயுத் தொந்தரவுதான்’ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிய டாக்டருக்கு அந்த நோயாளியின் கதை அத்தோடு முடிந்தது. நாலு நாள் கழித்து அவர் வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா, வீட்டிலேயே இறந்துபோனாரா என்று முதல் ஆஸ்பத்திரிக்குத் தெரிய வழியில்லை. பிறகு எப்படிக் கணக்கெடுப்பது?

அமெரிக்காவில் ஹெக்டர் போப், ஹாரி செல்கர் முதலானோர் கஷ்டமான வழியில் போனார்கள். 1993இல் 10 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று வந்த 10,689 பேரை, வீட்டுக்குப் போனவர்களையும் சேர்த்து, பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2000இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தன. மாரடைப்பு இருந்த 889 பேரில் 19 பேரை அனுப்பிவிட்டிருந்தார்கள். 2.1 சதவீதம்.

நூற்றுக்கு இரண்டுதானே என்றால், அந்த இரண்டு எல்லார் தலையிலும் ஒரேபோல விழவில்லை. 55 வயதுக்குக் கீழான பெண்கள், நெஞ்சுவலியைவிட மூச்சிரைப்பையே பெரிதாகச் சொன்னவர்கள், ஈசிஜியில் ஒன்றும் தெரியாதவர்கள் ஆகியோரைத்தான் அதிகம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மாரடைப்பு வந்த வெள்ளையரல்லாதாருக்கு அந்த ஆபத்து 4.5 மடங்கு. (மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி சரியாகவே இருக்கலாம். ஒரே ஒரு ஈசிஜியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.)

சரி, அனுப்பியதால் எவ்வளவு கெடுதல்? சேர்க்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், நோயின் தீவிரத்தைக் கழித்துப் பார்த்தபின், இறப்பு 1.9 மடங்கு. பல கட்டுரைகள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஆய்வாளர்களே அதன் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதியிருந்தார்கள்: உண்மையான எண் 0.7 முதல் 5.2 வரை எதுவாகவும் இருக்கலாம். 19 பேரை வைத்து அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாது. தவறு அபூர்வமாக ஆக, அதன் தீங்கை அளப்பதும் கடினமாகிறது.

இதனால்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் நியூமன்-டோக்கர், ஆவா லிபர்மனோடு சேர்ந்து 2018இல் ‘ஸ்பேட்’ என்ற முறையை முன்வைத்தார். இது பின்னாலிருந்து தொடங்குகிறது. மாரடைப்போடு சேர்க்கப்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாரங்களில் நெஞ்சுவலி என்று வந்து திரும்பியவர்கள் யார் என்று தேடுவது. தற்செயலாக வந்தவர்களும் இருப்பார்கள்தான். ஆனால் அவர்கள் மாதம் முழுக்கப் பரவலாக இருப்பார்கள். தவறவிடப்பட்டவர்களோ மாரடைப்புக்கு முந்தைய சில நாட்களில் குவிந்திருப்பார்கள். அந்த உபரிதான் கணக்கு. தெற்குக் கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே அமைப்பில் இதைச் செய்து பார்த்தார்கள். காப்பீடும் மருத்துவமனையும் ஒரே கையில் இருப்பதால், நோயாளி வெளியே எங்கே போனாலும் பில் அங்கே வந்துசேரும். வீட்டிலேயே இறந்தவர் மட்டும் இந்த வலையிலும் சிக்கமாட்டார்; மாரடைப்பு என்று சேர்ந்தவர்களிலிருந்துதானே தேடலே தொடங்குகிறது.

2022இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அவசரப் பிரிவில் தவறும் மாரடைப்பு 1.5 சதவீதம் என்கிறது. அதே அறிக்கையில் பக்கவாதத்துக்கு 17 சதவீதம். மாரடைப்பை ரத்தப் பரிசோதனையில் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் என்ற புரதம்போல மூளைக்கு ஒன்று இல்லை என்பது ஒரு காரணம். மற்றவை அடுத்த வாரம்.