அடியாத குட்டியும் படியும்

பீரோவுக்குப் பின்னாலிருந்துதான் அந்த வாடை வந்தது.

மணி எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி, இரண்டு மாதம். கூடத்தில் சிறுநீர் கழித்தபோதெல்லாம், வழிவழியாகச் சொல்லிவந்ததையே செய்தோம். ஈரத்தில் அதன் மூக்கைத் தேய்த்தோம். செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடித்து மிரட்டினோம். நான்கே நாளில் கூடம் காய்ந்துவிட்டது. குட்டி பழகிவிட்டது என்று மகிழ்ந்தோம். பிறகுதான் பீரோவை நகர்த்திப் பார்த்தோம்.

வீட்டுக்குள் சிறுநீர் போகக் கூடாது என்று மணிக்கு விளங்கவே இல்லை. மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது என்றுதான் விளங்கியிருந்தது. அதனால் வாசலுக்கு அழைத்துப் போனால் அடக்கிக்கொண்டு நின்றது. உள்ளே வந்ததும் மறைவிடம் தேடி ஓடியது. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அது சரியாகவே கற்றிருந்தது. சொல்லிக்கொடுத்த விதம்தான் தவறு.

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழி நமக்குள் ஊறியிருக்கிறது. ஆனால் அடி ஒன்றை மட்டும்தான் சொல்லும்: ‘இது வேண்டாம்.’ எது வேண்டும் என்பதை அது ஒருநாளும் சொல்லாது. குட்டிக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

ஓநாயின் பெயரால்

நாயை அடக்கி ஆள வேண்டும் என்பதற்கு ஓநாய்களைச் சான்று காட்டுவார்கள். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள் முதலிடத்துக்காக மோதிக்கொள்வதை எழுதினார். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல், கூட்டத்தை அடக்கி ஆளும் ‘ஆல்ஃபா’ ஓநாய் என்ற கருத்தைப் பரவலாக்கியது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்த அதே மெக், 1999-இல் அந்தக் கருத்தைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான்; வழிநடத்துவது பெற்றோர். அடைபட்ட ஓநாய்களின் சண்டையை வைத்து, நம் கூடத்தில் தூங்கும் குட்டிக்கு இத்தனை காலம் தண்டனை கொடுத்திருக்கிறோம்.

அத்தகைய தண்டனை நாயை என்ன செய்கிறது என்று, போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. அதட்டியும் கயிற்றைச் சுண்டி இழுத்தும் கற்பிக்கும் இடங்களில் பயின்ற நாய்கள், பரிசு முறையில் பயின்றவற்றைவிடப் பயிற்சியின்போது அதிகப் பதற்றம் காட்டின. பயிற்சி முடிந்தபின் அவற்றின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது கூடும் கார்ட்டிசோல் ஹார்மோனும் உயர்ந்திருந்தது.

‘சபாஷ்’ என்னும் ஒரு சொல்

பரிசு முறையின் உயிர் நேரத்தில் இருக்கிறது. குட்டி சரியானதைச் செய்த ஓரிரு நொடிக்குள் அதற்குச் சேதி போய்ச் சேர வேண்டும். பிஸ்கட் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள் அது இன்னும் நாலு வேலை செய்திருக்கும். எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது.

அதற்காகத்தான் ஓர் ஒலியைப் பழக்குகிறார்கள். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1951-இல் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி எழுதியபோது, ‘டிக்’ என்று ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருளைப் பரிந்துரைத்தார். டால்ஃபின்களுக்கு விசிலால் பயிற்சி தந்த கேரன் பிரையர், நாய் வளர்ப்போரிடையே இம்முறையைப் பரப்பினார். இன்று அப்படிப்பட்ட பொருள் ‘கிளிக்கர்’ என்ற பெயரில் கடையில் கிடைக்கிறது. எங்களுக்கு ‘சபாஷ்’ போதுமானதாக இருந்தது. ‘சபாஷ்’ என்று சொல்லி உடனே ஒரு துண்டு கோழிக்கறி, இருபது முறை. அதன்பின் அந்தச் சொல்லைக் கேட்டாலே மணியின் காது நிமிர்ந்தது.

பிறகு சிறுநீர்ப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப் போனோம். பேசாமல் காத்து நின்றோம். போய் முடித்த அந்தக் கணமே, அந்த இடத்திலேயே, சபாஷ், கறித்துண்டு. எங்கள் முன்னால் போகவே முதலில் பயந்தது. அந்தப் பயம் தெளிய மூன்று வாரம் பிடித்தது. நான்கு நாள் மிரட்டலுக்கு நாங்கள் கட்டிய வட்டி அது.

லஞ்சமா, கூலியா?

‘தின்பதற்காகத்தானே சொன்னபடி கேட்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. முன்னால் காட்டி இழுப்பது லஞ்சம். செய்த வேலைக்குப் பின்னால் தருவது கூலி. உட்காரக் கற்பிக்கும்போது, தின்பண்டத்தை மூக்கருகே பிடித்து மெல்லத் தலைக்கு மேல் கொண்டுபோனால், தலை நிமிரும். பின்புறம் தானாகத் தரையில் இறங்கும். உடனே சபாஷ். நாலைந்து முறைக்குப் பின் வெறுங்கையால் அதே சைகை. கூலி இன்னொரு கையிலிருந்து. பழகியபின் சிலமுறை தின்பண்டம், சிலமுறை தடவல், சிலமுறை கதவைத் திறந்து வெளியே விடுவது என்று மாற்றிக்கொள்ளலாம்.

துண்டு பட்டாணி அளவு இருந்தால் போதும். உப்பு, மசாலா, எலும்பு இல்லாத வேகவைத்த கோழி, அவித்த முட்டை, கேரட் எல்லாம் ஆகும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகவே ஆகாது. அவை நாய்க்கு நஞ்சு.

வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மகன் ‘சிட்’ என்றான், அம்மா ‘உக்காரு’ என்றார், நான் ‘உட்கார்’ என்றேன். மணி மூவரையும் மாறிமாறிப் பார்த்தது. அம்மாவின் சொல்லையே வைத்துக்கொண்டோம்.

‘வா’ என்ற சொல்லை மட்டும் பொன்போல் காக்க வேண்டும். கூப்பிட்டு வந்த குட்டியை எதற்காகவும் திட்டக் கூடாது. திறந்த கேட்டைத் தாண்டிச் சாலைக்கு ஓடும் நாளில் அதன் உயிரைக் காப்பது அந்தச் சொல்தான்.

கடியும் பயமும்

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்று, நான்கு மாதத்தில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அந்த ஊறலில் கையையும் செருப்பையும் கடிக்கத்தான் செய்யும். உடன்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது விளையாட்டை நிறுத்திவிடும். நாமும் அப்படியே எழுந்து விலகி, சற்று நேரம் கழித்துக் கடிக்கத் தகுந்த பொம்மையைக் கொடுத்தால் போதும்.

உலகம் பயப்படத் தகுந்ததா இல்லையா என்பதைக் குட்டி ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் பெருமளவு தீர்மானித்துக்கொள்கிறது. தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்த வயது போய்விடும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்: ஆட்டோ, பால்காரர் ஹாரன், ஹெல்மெட் போட்டவர், தடி ஊன்றிய தாத்தா. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. தீபாவளிக்குப் பல வாரம் முன்பே செல்போனில் பட்டாசு ஒலியை மிக மெதுவாக வைத்து, கறி கொடுத்துக்கொண்டே, நாளுக்கு நாள் சற்றுக் கூட்டினோம். குட்டி நடுங்கினால் ஒலியைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

போன போகிக்கு வீட்டைக் கழுவ அந்தப் பீரோவை மறுபடி நகர்த்தினோம். பின்னால் ஒட்டடையும் தொலைந்துபோன ஒரு பந்தும் மட்டும் இருந்தன. மணி உள்ளே நுழைந்து பந்தைக் கவ்வி எடுத்துவந்து, அம்மாவின் முன்னால், யாரும் சொல்லாமலே உட்கார்ந்தது.

“சபாஷ்” என்றார் அம்மா.