சட்டப்படி நடந்த அநியாயம்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், விஷயம் கொஞ்சம் நீளம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் நிலத்தையும் பிள்ளைகளையும் கூலியையும் பறிகொடுத்த கதையைச் சொன்னால், சட்டம் எட்டாத காட்டில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் செய்த அட்டூழியம் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியும் நடந்தது. ஆனால் பெரும்பகுதி ஆளுநரின் பிரகடனம், நீதிமன்றத் தீர்ப்பு, சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம் என்று முத்திரை குத்தி முறைப்படி நடந்தது. அந்த முறை எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் நிலம். 1788 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்தர் பிலிப் கைதிகளோடு சிட்னியில் கரையிறங்கினார். அங்கே இருந்தவர்களோடு எந்த உடன்படிக்கையும் செய்துகொள்ளவில்லை. 1835இல் ஜான் பேட்மன் என்பவர், இன்று மெல்பர்ன் இருக்கும் பகுதியில் பூர்வகுடி மூத்தவர்களோடு ஒப்பந்தம் போட்டதாக அறிவித்தார். போர்வை, கத்தி, கோடரி, மாவு கொடுத்து வாங்கியது சுமார் 6 லட்சம் ஏக்கர். ஏமாற்று வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆளுநர் ரிச்சர்ட் பர்க் அதைச் செல்லாது என்று அறிவித்தார். காரணத்தைக் கவனியுங்கள்: நிலம் பிரிட்டிஷ் அரசருடையது, அதை விற்கப் பூர்வகுடிகளுக்கு உரிமையே இல்லை என்பதுதான் அவர் சொன்னது. அவர்கள் ஏமாந்தார்களா என்ற கேள்வியே எழவில்லை. 1889இல், காலனிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சிலும், அந்த மண் ஏறத்தாழ ஆளில்லாமல் கிடந்தது என்றே எழுதிவைத்தது.

இந்தப் பொய் உடைய 1992 ஆகிவிட்டது. டோரஸ் நீரிணையிலுள்ள மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவர் ஊர்க்காரர்களும் 1982இல் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1985இல், குயின்ஸ்லாந்து அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தீவுகளில் பழைய உரிமை ஏதும் இருந்திருந்தால் அது 1879லேயே ஒழிந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் நூறு வருஷம் பின்னால் போய்ச் சட்டம் எழுதினார்கள்! ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1988இல் அதைத் தள்ளியது. 1992 ஜூன் 3 அன்று தீர்ப்பு மெர் மக்கள் பக்கம் வந்தது. மாபோ அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இறந்திருந்தார்.

நிலம் அரசருடையது, சரி. அதில் வாழ்ந்தவர்கள்? அவர்களும் அரசரின் குடிகளே என்றது சட்டம். 1836இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் கொலைக்கும் ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என்று முடிவு செய்தது. அப்படியானால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா? சாட்சி சொல்லச் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். கடவுளையும் மறுமைத் தண்டனையையும் நம்புகிறவரின் பிரமாணம்தான் செல்லும். பூர்வகுடிகளுக்கு அந்த நம்பிக்கை கிடையாது என்று அவர்களுடைய சாட்சியத்தையே ஒதுக்கிவிட்டார்கள். ஆக, பூர்வகுடி ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம், தூக்கிலும் போடலாம். தன் பிள்ளையைக் கொன்றவனை அவர் கைகாட்டினால் மட்டும் கணக்கில் வராது.

ஓர் உதாரணம்: 1838 ஜூன் 10, நியூ சவுத் வேல்ஸின் மயால் க்ரீக் பண்ணை. அங்கே தங்கியிருந்த விர்ராயராய் மக்களில் குறைந்தது 28 பேரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், குடியேறிகள் சிலர் கயிற்றால் பிணைத்து இழுத்துப்போய் வெட்டிக் கொன்றார்கள். பண்ணையில் வேலைபார்த்த டேவி என்ற பூர்வகுடி இளைஞருக்கு நடந்தது தெரியும். அவர் சாட்சியம் நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற வெள்ளைக்காரக் கைதித் தொழிலாளி துணிந்து சாட்சி சொன்னதால்தான் வழக்கே நின்றது. அப்படியும் முதல் விசாரணையில் ஜூரிகள் குற்றம்சாட்டப்பட்ட பதினொரு பேரையும் விடுவித்தார்கள். அரசு வழக்கறிஞர் பிளங்கெட் விடவில்லை. மறுவிசாரணையில் ஏழு பேர் தூக்குக்குப் போனார்கள். மறு ஆண்டே, பூர்வகுடிகளின் சாட்சியத்தை ஏற்கக் காலனி ஒரு சட்டம் இயற்றியது. லண்டன் அதை மறுத்தது. பிறகு லண்டனே வழிவிட்டபோது, 1844லும் 1849லும் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் தோற்கடித்தது. கடைசியில் 1876இல்தான் அந்த வாசல் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை கொலைகள் சாட்சி இல்லை என்று முடிந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அடுத்து வந்த சட்டங்களின் பெயரில் 'பாதுகாப்பு' இருந்தது. குயின்ஸ்லாந்தின் 1897 சட்டம் வேறு சில மாநிலங்களுக்கும் முன்மாதிரியானது. பாதுகாவலர் என்று நியமிக்கப்பட்டவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் போலீஸ்காரர்கள். விசாரணை இல்லாமலே எந்தப் பூர்வகுடியையும் அவர்களுக்கென ஒதுக்கிய முகாமுக்கு அனுப்பலாம். அங்குள்ள பாம் தீவில் இப்படிப் பல மொழிக்காரர்களைக் கொண்டுபோய் ஒன்றாக அடைத்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வேண்டுமானால், கவனிப்பாரற்ற பிள்ளை என்று முதலில் நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருந்தது. 1915 திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. பூர்வகுடிகளுக்கான பாதுகாப்பு வாரியம் முடிவெடுத்தால் போதும். 1910 முதல் 1970 வரை நாடு முழுவதும் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பிரிக்கப்பட்டதாக 1997 விசாரணை அறிக்கை கணித்தது. நியூ சவுத் வேல்ஸில் தாய் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருந்தது; ஆனால் பிள்ளை போன பிறகுதான். அவளைப் பாதுகாக்க வேண்டியதே பிள்ளையைப் பிரித்த அந்த வாரியம்தானே.

கூலியும் அப்படியே. நாம் இப்போது குடிக்கிற டீயின் தூள்தான், மாவோடும் சர்க்கரையோடும் சேர்த்து, பல மாட்டுப் பண்ணைகளில் கூலியாக அளந்து கொடுக்கப்பட்டது. குயின்ஸ்லாந்தில் கூலி என்று இருந்த இடத்திலும் அது உழைத்தவர் கைக்குப் போகவில்லை. பாதுகாவலர் வாங்கி வங்கியில் போட்டார். உங்கள் பாஸ்புக் காவல் நிலையத்தில் இருக்கிறது, பிள்ளைக்குச் சட்டை வாங்க இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேமிப்பை அரசு வேறு செலவுகளுக்கும் எடுத்துக்கொண்டது. இந்தக் கெடுபிடி சட்டம் மாறிச் சட்டமாக 1970கள் வரை நீடித்தது.

அந்தக் கூலிக்காகத் தொடுத்த வழக்கில், 2019இல் குயின்ஸ்லாந்து அரசு 19 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. உழைத்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அவர்களுடைய பங்கு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போனது.