வடம் அறுந்தபோது எங்கே நின்றீர்கள்?

'கஜினி'யில் (2005) சூர்யாவுக்கு எதுவும் 15 நிமிடத்துக்கு மேல் நினைவில் நிற்காது. உடம்பில் பச்சை குத்தியும் போட்டோவில் குறிப்பெழுதியும் எதிரியைத் தேடுவார். அந்த எழுத்தை வில்லன் அழிக்கலாம்; சூர்யா தனக்குத்தானே பொய் எழுதிக்கொள்ள மாட்டார். 'கஜினி'க்குத் தூண்டுகோலான கிறிஸ்டோபர் நோலனின் 'மெமெண்டோ' (2000) விலகுவது இங்கேதான். அதன் நாயகன் லெனார்ட், ஒருவனுடைய கார் நம்பரைத் தான் தேடும் கொலைகாரனுடையது என்று தெரிந்தே தவறாகக் குறித்துக்கொள்கிறான். எழுதியது மறந்துபோகும், எழுத்து நிற்கும். பிறகு அதையே சாட்சியாக நம்பி அவனைக் கொல்வான். என்னை அதிகம் உலுக்கியது இந்தப் படம்தான். காரணம், அந்த வியாதி இல்லாத நம் மூளையும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

திருநெல்வேலி டவுணில் 2024 ஜூன் 21 ஆனித் தேரோட்டத்தில், நெல்லையப்பர் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்தது. அன்று ரதவீதியில் சேர்ந்து நின்ற இருவரைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்: எத்தனை தடவை அறுந்தது? முதலில் தேர் எங்கே நின்றது? "நான் வடத்தப் பிடிச்சுக்கிட்டுல்லா நின்னேன்!" என்று இருவருமே அடித்துச் சொல்லலாம், ஆனால் இரண்டு கதையும் முழுக்க ஒத்துப்போவது கடினம். யாரும் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் டிவியில் பார்த்தது, மச்சான் சொன்னது, வாட்ஸ்அப் வீடியோ எல்லாம் கண்ணால் கண்டதோடு கலந்துவிடும். எது எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் சீக்கிரம் அழிந்துபோகும்.

இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உளவியலாளர் உல்ரிக் நைசர், எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டார். 11 பேருக்கு முக்கிய விவரம் எல்லாமே தப்பு. அவர்களில் சிலர் அடித்துப் பேசினார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. நினைவின் உறுதிக்கும் உண்மைக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம் என்பதைவிட அச்சமூட்டும் கண்டுபிடிப்பு உளவியலில் குறைவு.

ஏன் இப்படி? நரம்பியலாளர் கரீம் நாடெரின் குழு 2000இல் எலிகளிடம் ஒரு விடை கண்டது. ஓர் ஒலி கேட்டால் ஷாக் அடிக்கும் என்று பழகிய எலிக்கு, அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்த உடனே, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் செலுத்தினார்கள். பயம் வெகுவாகக் குறைந்தது. ஒலியை மறுபடி கேட்காத எலியிடம் அதே மருந்து பலிக்கவில்லை. நினைவை வெளியே எடுக்கும்போது அது மாறக்கூடிய அளவுக்கு இளகுகிறது. மறுபடி இறுகப் புதுப் புரதம் வேண்டும். மனிதரிடம் இது எந்த அளவு நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் உண்டு.

இந்தச் சந்தேகத்தோடு ஒரு பழைய படத்துக்கு வாருங்கள். வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954), பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த மறுநாள் நாயகன் ராஜன் சுடப்படுகிறான். ஒவ்வொரு சாட்சியும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். அடுத்த முறை பார்க்கும்போது கொலையாளியைத் தேடாதீர்கள். எந்தச் சாட்சி தெரிந்து பொய் சொல்கிறார், எவர் தன் கதையைத் தானே நம்பிவிட்டார் என்று மட்டும் கவனியுங்கள்.