செஞ்சிக் குன்றுகளின் கோனார் குலம்

செஞ்சி என்றவுடன் தேசிங்கு ராஜனையும் அவன் குதிரையையும் நினைவுகூரும் தமிழுலகம், 1714-இல் அவன் போர்க்களத்தில் மாள்வதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே அங்கே கோட்டைக்கு அடிகோலிய ஓர் இடையர் குலத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டது என்பது என் நெஞ்சை வருத்துகிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் பிள்ளை எழுதிய 'கர்னாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' கூறும் ஐதிகப்படி, ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டளவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆனந்தக் கோன் மேற்குக் குன்றின் பொந்தொன்றில் புதையல் கண்டு, அத்திரவியத்தால் ஆள் திரட்டி, தேவனூர், மேலச்சேரி முதலிய அண்டையூர்ச் சிற்றரசர்களை வென்று, கமலகிரியில் கோட்டை எழுப்பி, அதற்கு ஆனந்தகிரி என்று தன் நாமத்தையே சூட்டினான். அவனுக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் வடகுன்றை அரண் செய்து கிருஷ்ணகிரி ஆக்கினான்.

புதையல் வம்ச சரித்திரங்களில் வழக்கமாக வருவது. ஆனால் எந்தச் சுனையில் கோடையிலும் நீர் நிற்கும், எந்தப் பாறையிடுக்கில் ஒருவன் நின்றே ஊரைத் தடுக்கலாம் என்பதை ஆட்டின் பின்னே அலைந்த இடையனைவிட நன்கறிந்தவர் யார்? உச்சிக்குச் செல்வோர் ஆழ்ந்த பிளவொன்றைப் பாலத்தின் மீதே கடக்க வேண்டிய ஆனந்தகிரியைத் தேர்ந்தெடுத்த அறிவே ஆனந்தக் கோனின் மெய்யான நிதி என்று நான் கருதுகிறேன்.

மேய்ச்சல் தொழில் குலப்பெயரிலேயே தங்கிவிடுவதும் உண்டு. பண்டை ரோமாபுரியிலும் பிரபுக்களல்லாத பொதுமக்கள் வகுப்பில் ஒவீனியர் என்றொரு குடும்பம் இருந்தது; செம்மறியைக் குறிக்கும் 'ஓவிஸ்' என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது அப்பெயர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் செனட் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரத்தைச் சென்ஸார்கள் என்னும் அதிகாரிகளிடம் ஒப்புவித்த சட்டம் ஒன்றே அக்குடும்பத்துக்கு நிலைத்த கீர்த்தி. அவர்கள் பெயர் மந்தையை மட்டுமே சொல்லிற்று. நம்மவரின் 'கோன்' என்னும் பெயரோ அரசனுக்கும் உரியதாய், ஆயனுக்கும் உரியதாய், செங்கோலையும் மேய்ச்சற்கோலையும் ஒருங்கே ஏந்தி நிற்கிறது. ஆனந்தக் கோன் அரியணை ஏறியபோது குலப்பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே நேரவில்லை.

கோனேரிக் கோன், கோவிந்தக் கோன், புலியக் கோன் ஆகியோருக்குப் பின், 14-ஆம் நூற்றாண்டில் கோட்டை குறும்பர் தலைவன் கோபிலிங்கன் வசமாயிற்று. பிறகு நாயக்கர், பீஜப்பூரார், 1677-இல் சிவாஜி, மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். 2025-இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் மராத்தியரின் கோட்டைகளுள் ஒன்றாகவே. ஆனந்தகிரியும் இன்று ராஜகிரி எனவே வழங்குகிறது. கிருஷ்ணகிரி ஒன்றே அக்குலத்தானின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது.