செம்பு எதுவரை, ஒளி எங்கிருந்து

தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை, தம்பி. இன்னொரு கோப்பை ஊற்றிக்கொள்ளுங்கள்.

வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை பார்த்து வளர்ந்தவருக்குத் தெரியும்: ரோலரை ஒன்றுக்கு ஐந்தாகப் போட்டாலும், கொழுந்து வந்து சேராவிட்டால் ரோலர் சும்மாதான் நிற்கும். ஆயிரம் ப்ரொசெசர்கள் கூடி ஒரே கணக்கைப் போடும் இணைக் கணினியிலும் அதே பாடுதான். ஒவ்வொன்றும் தன் பங்கை முடித்துவிட்டு, மற்றவற்றின் விடைக்குக் காத்திருக்கிறது.

விடையை ஒளியில் அனுப்பினால் சீக்கிரம் போய்ச் சேரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர். நல்ல செம்புக் கேபிளில் மின் சமிக்ஞையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடுகிறது. வித்தியாசம் வலுவில் இருக்கிறது. சமிக்ஞை மாறும் வேகம் கூடக் கூட, மின்னோட்டம் கம்பியின் மேல்தோலோடு ஒட்டி ஓடத் தொடங்கும். உள்ளே இருக்கும் செம்பு வீணாகக் கிடக்கும், தடை ஏறும், சமிக்ஞை தேய்ந்துபோகும். ஒரு சோடிக் கம்பியில் நொடிக்கு 100 கிகாபிட் அனுப்பினால், இடையில் வலுவூட்டாமல் இரண்டு மூன்று மீற்றர்தான் தாங்கும். நல்ல இழையில் 15 கிலோமீற்றர் போன பிறகும் ஒளியில் பாதி மிஞ்சியிருக்கும். அதே இழையில் பல அலைநீளங்களைக் கலக்காமல் சேர்த்து அனுப்பவும் முடியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒளியாக்கிவிடலாமே? மின்சாரத்தை ஒளியாக்கவும், மறுமுனையில் ஒளியைத் திரும்ப மின்சாரமாக்கவும் செலவாகிறதே! அதனால்தான் 2024இல் என்விடியா அறிவித்த, ஒரே அலமாரியில் 72 ப்ரொசெசர்களை இணைக்கும் இயந்திரத்தின் உள்ளே 5,000க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்கள் ஓடுகின்றன. கிட்ட இருப்பதற்குச் செம்புதான் மலிவு.

கூகுளின் டிபியு வி4 இயந்திரம் செம்புக்கும் ஒளிக்கும் நடுவிலான எல்லைக்கோட்டை எங்கே போட்டது என்று பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த வேலை அது. ஓர் அலமாரியில் 64 சிப்கள், நீளம் அகலம் உயரம் மூன்றிலும் நான்கு நான்காக. அவற்றுக்குள் செம்பு. அந்தக் கனசதுரத்தின் ஆறு முகங்களிலிருந்தும் பதினாறு பதினாறாக 96 இணைப்புகள் ஒளியாக வெளியேறுகின்றன. அவை போய்ச் சேரும் சுவிட்சுக்குள் மிகச் சின்னக் கண்ணாடிகள் சாய்ந்து சாய்ந்து, ஒளியை ஒளியாகவே அடுத்த இழைக்குத் திருப்பிவிடுகின்றன. இடையில் மின்சாரமாக மாற்றுவதே இல்லை. 64 அலமாரி, 4,096 சிப்கள். ஓர் அலமாரி பழுதானால் கண்ணாடிகளைச் சாய்த்து வேறோர் அலமாரியை அந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கம்பியையும் கழற்ற வேண்டாம். மொத்தச் செலவில் இந்த ஒளிப் பகுதி 5 சதவீதத்துக்கும் குறைவு என்று 2023இல் அவர்களே எழுதினார்கள்.

யோசனை ஒன்றும் புதிதில்லை. சிப்களை ஒளியால் இணைக்கலாம் என்று ஸ்டான்போர்டின் ஜோசப் குட்மனும் நண்பர்களும் 1984இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். அதற்கும் 30 வருடம் முன்னால், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி லண்டனில் இயற்பியலாளர் ஹொப்கின்ஸோடு சேர்ந்து, வளைந்த கண்ணாடி இழைக் கட்டு வழியே படத்தை அனுப்பிக் காட்டியிருந்தார்.

இப்போதைய முயற்சி, ஒளிப் பாதைகளைச் சிலிக்கனிலேயே செதுக்கி, ப்ரொசெசருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது. சென்னை ஐஐடியிலும் சிலிக்கன் ஒளிச்சுற்று ஆய்வு நடக்கிறது. சிலிக்கன் ஒளியை நன்றாகக் கடத்தும். ஆனால் தானாக ஒளிர அதன் அணுக்கட்டமைப்பு இடம் தராது. ஆகவே லேசரை மட்டும் இந்தியம் பொஸ்பைட் போன்ற வேறு பொருளில் செய்து கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அதை மலிவாக, சூட்டைத் தாங்கும்படி, கோடிக்கணக்கில் செய்வதுதான் இன்னும் பாக்கியிருக்கும் வேலை.