வெள்ளவாய்க்காலில் எழுந்த வரலாறு

ஊர் கூடித் தேர் இழுப்பதை நாம் அறிவோம். ஊர் கூடி ஓவியம் தீட்டுவது எங்ஙனம்? ஓவியமென்றதும் தனியொருவர் அறையினுள் இருந்து வரைவதாகவே எண்ணிப் பழகியவர்களுக்கு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வெள்ளவாய்க்காற் சுவரொன்று வியப்பளிக்கும்.

1938ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் பின்னர் அந்நகரத்து ஆற்றையும் ஓடைகளையும் சீமெந்துக் கரைகளுக்குள் அடக்கினர். வெள்ளம் அடங்கியது, ஆற்றின் அழகும் உடன் போயிற்று. அவ்வாறு கட்டப்பட்ட டுஹங்கா வாய்க்காலை அழகுபடுத்த உதவுமாறு 1974இல் இராணுவப் பொறியியற் படையினர் யூடித் பாக்கா அம்மையாரை அணுகினர். மெக்சிக்க வழிவந்த இவ்வோவியர் 1970இலேயே, ஒன்றையொன்று பகைத்த நான்கு இளைஞர் குழுக்களிலிருந்து இருபது பேரைச் சேர்த்து, பூங்காவொன்றின் இசைமேடையில் ஒரு பாட்டியின் உருவத்தைத் தீட்டுவித்தவர். எதிரிகள் வருகின்றனரா என்று பார்க்க ஆள் நிறுத்திக்கொண்டே அவ்வேலை நடந்ததாம்!

வாய்க்காற் பணி 1976இன் கோடையிலே தொடங்கியது. எண்பது இளைஞர் வந்தனர். குற்றச்சாட்டுக்குள்ளாகி நீதித்துறையினரால் அனுப்பப்பட்டோர் அவர்களுட் பலர். பத்து ஓவியரும் ஐந்து வரலாற்றாசிரியரும் துணை நின்றனர். முதற் கோடையிலேயே ஆயிரம் அடி நீளம் நிறைவெய்தியது. மழைக்காலத்தில் நீர் பாயுமாதலால் கோடையில் மட்டுமே வேலை. இவ்வாறு 1983 வரை ஐந்து கோடைகளில் நானூறுக்கு மேற்பட்ட இளைஞர் உழைத்து, 2,754 அடி நீளமான ஓவியத்தை ஆக்கினர். அவர்களுக்குக் கூலியும் வழங்கப்பட்டது. ‘பொதுத்தொண்டு’ என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளின் உழைப்பை இலவசமாகப் பெறும் வழக்கத்தினும் இது மேலானதன்றோ?

அவர்கள் தீட்டியவை பூவும் கிளியும் அல்ல. பாடநூல்கள் விட்டுவிட்ட கலிபோர்னியாவின் வரலாறு. 1942 முதல் யப்பானிய வழிவந்தோர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டதும், 1943இல் மெக்சிக்க வழி இளைஞரைக் கடற்படையினர் தெருவிலே தாக்கியதும் அங்கே உள்ளன. ஓரிடத்தில், பெருந்தெருக்கள் பாம்புகளாய் வளைந்து ஒரு குடும்பத்தைப் பிரிக்கின்றன. குடிகள் எழுப்பப்பட்ட நிலத்தின்மீது விளையாட்டரங்கு விண்கலம்போல் வந்திறங்குகின்றது. இவற்றுக்காக இளைஞர் அறிஞர்களிடம் பாடங் கேட்டனர். நிகழ்ச்சிகளை நேரிற் கண்ட முதியோரின் வாய்மொழியையும் கேட்டனர். வரலாற்றைப் பரீட்சைக்காக மனனஞ் செய்து மறுவாரமே மறக்கும் மாணவரை நாள்தோறும் காணும் எனக்கு, இச்செய்தி சிறிது பொறாமையையும் தருகின்றது.

பலர் கை பட்டால் ஓவியம் கெடாதோ என்பார் உளர். ஒவ்வொருவரும் மனம்போனவாறு கிறுக்கினாற் கெடும் என்பதில் ஐயமில்லை. இங்கே நிகழ்ந்தது அதுவன்று. கதை பலருடையது, அதனை ஒருமைப்படுத்திய கண் பாக்காவுடையது. தேர்வடத்தைப் பிடிப்போர் ஆயிரவராயினும், சில்லுக்குக் கட்டை போடுவோர் கைதேர்ந்தவராயிருத்தல் வேண்டும்.

வெயிலும் நீரும் மங்கச்செய்த நிறங்கள் 2011இல் புதுப்பிக்கப்பட்டன. 2017இல் அச்சுவர் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. அக்கதை 1950களை ஒட்டி நின்றுவிட்டது. பிந்திய பத்தாண்டுகளையும் சேர்த்து ஓவியத்தை நீட்டுவதற்கு மெலன் அறநிதியம் 2021இல் ஐம்பது இலட்சம் டொலர் வழங்கியது. அதன்பின் புதிய பகுதிகளுக்கான வேலை தொடங்கியது.